ஆபீஸ் மெயிலை என் போனிலிருந்து எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் டீமுக்கு லீடாக இருக்கிறேன். கிளையன்ட் நியூயார்க்கில். 2020 ஊரடங்கின்போது எல்லாரும் போனில் ஆபீஸ் மெயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், நானும் போட்டேன். போன் என் சொந்தப் பணத்தில் வாங்கியது. இப்போது இரவு 11 மணிக்கும் மெயில், காலையில் பல் துலக்கும்போதும் மெயில். போன மாதம் பழனிக்குப் போயிருந்தோம். ரோப் கார் வரிசையில் நின்றுகொண்டே ஒரு டிஃபெக்ட் ரிப்போர்ட்டுக்கு (மென்பொருளில் கண்ட பிழை பற்றிய அறிக்கை) பதில் அடித்துக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கினால் என் ஏழு வயது மகன், "அம்மா, உன் ஆபீஸ்" என்று கொண்டுவந்து நீட்டுகிறான். எடுத்துவிடு என்கிறார் கணவர். எடுத்தால் போனில் உள்ள போட்டோவெல்லாம் அழிந்துவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர். அவசர மெயிலைப் பார்க்காமல் விட்டு, அது அப்ரைசலில் வந்து நிற்குமோ என்றும் பயம். என்ன செய்யட்டும்?

பதில்:

எடுத்துவிடுங்கள் சகோதரி. ஆனால் எடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதில் தவறினால் மறுநாள் காலை லேப்டாப்பிலேயே நுழைய முடியாமல் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் கம்பெனிகளின் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்த்தவன். போனில் மெயில் போட்டுக்கொள்ளச் சொல்லி உங்களுக்கு வந்ததைப் போன்ற சுற்றறிக்கைகளை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகவாவது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த போட்டோ பயம். உங்கள் நண்பர் சும்மா மிரட்டவில்லை, ஒரு காலத்தில் அது நிஜம். பழைய முறையில் போனின் மெயில் செயலியில் ஆபீஸ் கணக்கைச் சேர்த்தால், இந்தச் சாதனத்தின் தகவலை அழிக்க சர்வருக்கு அனுமதி தருகிறீர்களா என்று ஒரு திரை வரும். யாரும் அதைப் படிப்பதில்லை, ‘சரி’யை அழுத்திவிட்டுப் போவோம். அதன்பின் என் மேசையிலிருந்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும், அந்த போன் கடையில் வாங்கிய அன்று இருந்தபடி வெறுமையாகிவிடும். ஒருமுறை ஒருவர் போனைத் தொலைத்துவிட்டதாகப் பதறிக்கொண்டு சொன்னார். விதிப்படி அழித்தேன். சாயங்காலம் போன் அவருடைய காரிலேயே, சீட்டுக்கு அடியில் கிடைத்தது. மகளின் காதுகுத்துப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் ஞாபகம் இருந்திருக்காது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அழித்தது அங்கிருந்து நான் அனுப்பிய கட்டளை. அவரே தன் போனிலிருந்து கணக்கை எடுத்திருந்தால் மெயிலும் காலண்டரும் மட்டும் போயிருக்கும், படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டளையின் வீச்சும் சுருங்கிவிட்டது. இருந்தாலும் உங்கள் போனில் என்ன வகை ஏற்பாடு இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனாக இருந்து, ஆபீஸ் செயலிகளின் ஓரத்தில் சின்னதாக ஒரு கைப்பெட்டிப் படம் தெரிந்தால், உங்கள் போனுக்குள் ‘வொர்க் புரொஃபைல்’ என்று தனி அறை கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இலிருந்து இது இருக்கிறது. கம்பெனியின் அதிகாரம் அந்த அறைச்சுவரோடு நின்றுவிடும். உங்கள் படங்களையோ வாட்ஸ்அப்பையோ அவர்களால் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அறையையே இடித்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும். சிலர் இரண்டாவது நம்பருக்கான வாட்ஸ்அப்பை இந்த அறைக்குள் நிறுவி வைத்திருப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் முதலில் அதை வெளியே கொண்டுவாருங்கள்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ போய், ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’டைத் திறந்து பாருங்கள். அங்கே கம்பெனி பெயரில் ஏதாவது இருந்தால் அதுதான் அவர்களுடைய பிடி. அதை நீக்கினால் அவர்கள் போட்ட செயலிகளும் கணக்கும் போகும், உங்களுடையது இருக்கும். ஒன்றுமே இல்லாமல் வெறும் அவுட்லுக் செயலியில் லாகின் செய்து பார்ப்பவர் என்றால் இன்னும் சுலபம். அழிக்கச் சொல்லிக் கட்டளை வந்தாலும் அது அவுட்லுக்குக்குள் இருக்கும் ஆபீஸ் சரக்கைத் தாண்டாது.

எது எப்படியோ, தொடங்குமுன் போட்டோக்களுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆபீஸ் மெயிலுக்காக இல்லை, போன் தண்ணீரில் விழுந்தாலும் உதவும்.

ஆட்கள் நிஜமாகவே தடுக்கி விழுகிற இடம் போட்டோ அல்ல, தொடர்பு எண்கள். போனில் புதிதாக ஒரு நம்பரைச் சேமிக்கும்போது அது ஏதாவது ஒரு கணக்கில்தான் போய் உட்காரும். ஆபீஸ் கணக்கைச் சேர்த்த நாளில் அதுவே இயல்புக் கணக்காக மாறியிருந்தால், அதன்பின் சேமித்த நம்பர்களெல்லாம் கம்பெனி சர்வரில் இருக்கும். பால்காரர், மகனின் வகுப்பு டீச்சர், கேஸ் ஏஜென்சி எல்லாரும். கணக்கை எடுத்த அடுத்த நொடி அத்தனை பேரும் வெறும் எண்களாகிவிடுவார்கள், வாட்ஸ்அப்பிலும் பெயர் போய் நம்பர்தான் தெரியும். ஆண்ட்ராய்டில் ஒரு நம்பரைத் திறந்தால் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். ஐபோனில் காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் அக்கவுன்ட்’ எது என்று பாருங்கள். ஆபீஸ் பெயர் இருந்தால் எண்களை முதலில் சொந்தக் கணக்குக்கு நகர்த்துங்கள். காலண்டரிலும் இதே கதைதான். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தை ஆபீஸ் காலண்டரில் குறித்து வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

அடுத்தது ஆத்தென்டிகேட்டர். லேப்டாப்பில் லாகின் செய்யும்போது போனில் ஒரு எண்ணைத் தட்டச் சொல்லிக் கேட்குமே, அந்தச் செயலி. ஆபீஸ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் துடைத்து எறிகிற வேகத்தில் இதையும் தூக்கிவிட்டால் உங்கள் சாவியையே தூக்கிப் போட்ட மாதிரி. அதை விட்டுவையுங்கள். அது மெயில் காட்டாது, கிளையன்டுக்கு உங்கள் போனில் ஒரு வாசலும் திறந்துவிடாது, நீங்கள் லாகின் செய்யும்போது மட்டும்தான் வாயைத் திறக்கும். (நீங்கள் லாகின் செய்யாதபோது வாயைத் திறந்தால் உங்கள் பாஸ்வேர்டு யார் கையிலோ இருக்கிறது. மறுத்துவிட்டு உடனே ஐ.டி. ஆட்களிடம் சொல்லுங்கள். அந்த ஒன்று மட்டும் நடுராத்திரியிலும் செய்யத் தகுந்த வேலை.) சொந்த போனில் அதுவும் வேண்டாம் என்று தோன்றினால், யு.எஸ்.பி.யில் செருகுகிற பாதுகாப்புச் சாவி தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மெயிலை எடுத்துவிட்டு, ஆபீஸ் அரட்டைக்கான டீம்ஸ் செயலியை விட்டுவைப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டது போல. இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

சரி, அந்த அவசர மெயிலுக்கு வருவோம். உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த பயம்தான். எங்கள் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டிய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற நாங்கள், ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதைத் தெரிவிக்க மெயிலை நம்புவதில்லை. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று அன்றைய ஆன்-கால் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய போன் அடிக்கும். எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளுக்கு அடிக்கும், அவரும் எடுக்காவிட்டால் மேலே போகும். மெயில் என்பது அனுப்பியவர் தன் மேசையைக் காலி செய்துகொள்கிற வழி. நிஜமாகவே வீடு தீப்பிடித்தால் யாரும் மெயில் எழுதிக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

ஆகவே உங்கள் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் ஆன்-கால் பட்டியலில் இருக்கிறேனா? இருந்தால் எந்தெந்த நாள், எந்த நம்பரில் கூப்பிடுவார்கள், அதற்கு அலவன்ஸ் உண்டா? இல்லை என்றால், உங்கள் ராத்திரியை ஆபீஸ் கேட்கவே இல்லை, நீங்களாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை ஒரு பெரிய கம்பெனி செய்து காட்டியிருக்கிறது. 2011 கடைசியில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம், அங்கே ஆயிரத்துச் சொச்சம் ஊழியர்களின் பிளாக்பெரி போன்களுக்கு ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் மெயில் போவதை சர்வரிலேயே நிறுத்த ஒப்புக்கொண்டது. மறுநாள் ஷிஃப்ட் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் மறுபடியும் போகும். கேட்டது தொழிலாளர் பிரதிநிதிகள். செய்தி வந்தபோது எங்கள் டீமில் எல்லாரும் சிரித்தோம், நம்ம ஊரில் நடக்குமா என்று. அப்போது நான் சரியாகக் கவனிக்காத ஒரு விஷயம், அந்த போன்களில் அழைப்பு நிறுத்தப்படவில்லை என்பது. மெயில்தான் நின்றது, கூப்பிட்டால் மணி அடிக்கும். உங்கள் வீட்டுக்கும் அந்த ஏற்பாடே போதும்.

கிளையன்ட் காத்திருப்பாரே என்கிற குற்றவுணர்ச்சிக்கு ஒரு கணக்கு. கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். உங்கள் மீட்டிங்கெல்லாம் திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போவது அதனால்தான். நம் இரவு 11 மணிக்கு அங்கே மதியம். அப்போது வருகிற மெயிலுக்கு மறுநாள் காலை 10 மணிக்கு லேப்டாப்பில் பதில் போடுங்கள். அங்கே நள்ளிரவாக இருக்கும். அவர் எழுந்து, குளித்து, காபியோடு மேசைக்கு வரும்போது உங்கள் பதில் முன்னாடியே அங்கே உட்கார்ந்திருக்கும். அவர் இழப்பது ஒரு பிற்பகல். டிஃபெக்ட் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அரைத்தூக்கத்தில் அடிக்கிற பதிலைவிட காலையில் எழுதுகிற பதில் நன்றாகவும் இருக்கும்.

அவர் உண்மையிலேயே காத்திருக்கிறாரா என்பதும் சந்தேகம்தான். லாரா ஜியர்ஜ், வனெஸா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலை நேரத்துக்கு வெளியே, அவசரமில்லாத மெயில் ஒன்று வந்தால், அனுப்பியவர் எவ்வளவு சீக்கிரம் பதில் எதிர்பார்க்கிறார் என்பதைப் பெறுபவர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். அனுப்பியவர் தன் எதிர்பார்ப்பு என்ன என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்த இடைவெளி குறைகிறது.

இந்த இடத்தில் உங்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் டீம் லீட். இரவு 11 மணிக்கு நீங்கள் பதில் போடும்போது சி.சி.யில் உங்கள் டெஸ்டர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு போன் சிணுங்கும். மேடம் முழித்திருக்கிறார்கள், நாமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர்களும் எழுந்து உட்காருவார்கள். எப்போதாவது ராத்திரி வேலை செய்தே தீர வேண்டும் என்றால் அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் இருக்கிற ‘ஷெட்யூல் செண்ட்’டில் மறுநாள் காலை 9.30 என்று போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மேனேஜரிடம் இதை அனுமதி கேட்பது போலச் சொல்லாதீர்கள். கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்பார், யோசனை அடுத்த தீபாவளி வரைக்கும் போகும். தகவலாகச் சொல்லுங்கள். "சார், இனி மெயிலை லேப்டாப்பில் மட்டும்தான் பார்க்கப் போகிறேன். காலை பத்திலிருந்து, கிளையன்ட் கால் முடிகிற வரைக்கும் இருப்பேன். அதற்கு மேல் புரொடக்‌ஷனில் ஏதாவது நின்றுபோனால் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுக்கிறேன்." இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள், மேனேஜரைத் தூங்கவைப்பது அதுதான். அதற்கு முன் கம்பெனியின் மொபைல் பாலிசியையும் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சொந்த போனில் மெயில் வைத்திருப்பது கட்டாயம் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? நான் எழுதிய பாலிசிகளில் அது எப்போதுமே விருப்பத்தின் பேரில்தான். அடுத்தவர் சொத்தின் மேல் கட்டாயம் என்று எழுத சட்டப் பிரிவு விடாது. உங்கள் கம்பெனியில் கட்டாயம்தான் என்றால், ஒரு ஆபீஸ் போன் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுத்தால் இன்னும் நல்லது, ராத்திரி அதை அணைத்துச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

அப்ரைசல் விஷயத்தில் நான் உறுதி தர முடியாது. மேனேஜர்களில் எல்லா ரகமும் உண்டு. சட்டத்தைக் காட்டலாமா என்றால், பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்து ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை முடிந்ததும் ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்பைப் பார்க்க மறுக்கலாம், மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரை. நம் மக்களவையில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே எம்.பி. இதே உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று நம் நாடாளுமன்றத்தில் கடைசியாகச் சட்டமானது 1970-இல். அதனால் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் மேனேஜரிடம் நேரில் பேசுவதே வேகமான வழி.

முழுக்க எடுக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அவுட்லுக்கில் இதற்கென நேரம் குறித்து வைக்கலாம், ஆண்ட்ராய்டில் அந்தக் கைப்பெட்டி அறையை ஒரே தட்டில் நிறுத்தி வைக்கலாம். ஆன்-கால் வாரம் இருப்பவர்களுக்கு அந்த நிறுத்துகிற பட்டன் நல்ல வசதி. ஆனால் சத்தம் மட்டும் நின்றால், மெயில் வந்து குவிந்துகொண்டுதான் இருக்கும், செயலியின் மேல் சிவப்பு எண் ஏறிக்கொண்டே போகும். பதினேழு என்று பார்த்துவிட்டுத் திறக்காமல் இருக்கிற மனவலிமை எனக்கு இல்லை. மூன்று வாரம் முயன்று பார்த்துவிட்டு, கணக்கையே எடுத்தேன்.

எடுத்தபின் முதல் பத்து நாள் கை தானாகப் போனுக்குப் போகும். அந்த இடத்தில் இருந்த ஐகானைத் தேடி விரல் வெற்றிடத்தைத் தட்டும். அங்கே வேறு எதையும் நகர்த்தி வைக்காதீர்கள். நான் யூடியூபை வைத்து, ஒரு தொல்லைக்குப் பதில் இன்னொன்றை வாங்கிக்கொண்டேன். அப்புறம், மெயிலில் பிடிக்க முடியாதவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வருவார்கள். அந்தக் குழுவை ம்யூட் செய்து ஆர்க்கைவில் போட்டு, காலையில் ஒரு தடவை பாருங்கள். படுக்கப்போகும்போது போனில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, மேனேஜரின் நம்பரையும் அம்மாவின் நம்பரையும் மட்டும் விலக்கில் சேர்த்துவிட்டால், நிஜமான அவசரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்த வேகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே என்பது எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது. ஏதாவது சிக்கினால் சனி, ஞாயிறு ஆள் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குப் போய், லேப்டாப்பில் லாகின் ஆகி, ஹெல்ப் டெஸ்க் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எடுத்ததும் லேப்டாப்பை ஒருமுறை லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். ஆத்தென்டிகேட்டர் எண் கேட்டு, நீங்கள் தட்டி, உள்ளே விட்டுவிட்டால் வேலை முடிந்தது.